ஒற்றைக் காது

அத்தியாயம் 17

செல்வகணேஷ் தூங்கிப்போனதில் போன வாரம் நிறுத்தியிருந்தேன்.

வீட்டில் தூங்கினால் யார் கேட்கப்போகிறார்கள். அவன் தூங்கியது வேலையில். முக்கோலைப் பக்கம் ஒரு தனியார் கன்டெய்னர் யார்டில் ரீச் ஸ்டாக்கர் ஓட்டுகிறான். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குப் போகிற பெட்டிகளைத் தூக்கி ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்குகிற ராட்சத வண்டி அது. அதன் மேலே உட்கார்ந்துகொண்டு ஒரு நிமிடம் கண்ணயர்ந்துவிட்டான். தூக்கிய பெட்டி பக்கத்துப் பெட்டியில் உரசி நெளிந்துவிட்டது.

அதை வெளியே தெரியாமல் சமாளித்தவன் வேல்சாமி. அதே யார்டில் சிக்னல்மேன். செல்வகணேஷின் மனைவி செண்பகவல்லிக்கு உடன்பிறந்த அண்ணன். இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவனும் அவன்தான்.

"இன்னொரு தடவ தூங்குனீரு, நானே எழுதிக் குடுத்துருவேன் மாப்ள" என்று அவன் சொன்னது சும்மா மிரட்டல் இல்லை. செல்வகணேஷுக்கு அது நன்றாகத் தெரியும்.

'அவ்வளவு பெரிய வண்டியில் உட்கார்ந்து எவனாவது தூங்குவானா, கதை விடாதீர்கள்' என்று கோவில்பட்டி வாசகி ஒருவர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார். அம்மா, நீங்கள் ஒரு நாள் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரு லாரி வரும், பெட்டியை இறக்க வேண்டும். அப்புறம் அடுத்த லாரி வரும்வரை முக்கால் மணி நேரம் சும்மா இருக்க வேண்டும். நாலு பக்கமும் கண்ணாடி, கீழே இன்ஜின் உறுமல், மத்தியான வெயில். பேச ஒரு ஆள் கிடையாது.

முன்பெல்லாம் போன் இருந்தது. மலையாளத்தில் துப்பறியும் கதைகள் சொல்லும் போட்காஸ்ட் ஒன்று விடாமல் கேட்பான். யாரோ ஒரு டிரைவர் கேபினில் கிரிக்கெட் பார்த்து மாட்டிக்கொண்டான். அதிலிருந்து எல்லோருடைய போனும் கேட்டிலேயே பூட்டில். உள்ளே போகும்போது கொடுத்துக் கையெழுத்துப் போட வேண்டும், வெளியே வரும்போது வாங்கிக் கையெழுத்துப் போட வேண்டும். செல்வகணேஷுக்குத் தூக்கம் வர ஆரம்பித்தது அதற்கு அப்புறம்தான்.

தூங்கினால் வேலை போகும். தூங்காமல் இருக்கக் காதில் ஒரு குரல் வேண்டும். போன் கூடாது. அப்படியானால் போன் இல்லாத ஒரு சாமான் வாங்கிவிட்டால் போகிறது.

இந்த யோசனை செண்பகவல்லிக்குத்தான் வந்தது. இன்றைக்கு அதை நினைத்து அவள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

*

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு இருவரும் பழவங்காடிக் கடைத்தெருவில் பஸ் இறங்கினார்கள். செல்வகணேஷுக்கு மத்தியானம் இரண்டு மணிக்கு ஷிப்ட். அதற்குள் வாங்கியாக வேண்டும்.

"போன் வேண்டாம். பாட்டு கேக்கறது போல ஒண்ணு. ஆனா பாட்டு வேண்டாம், கதை கேக்கணும்" என்றான் செல்வகணேஷ்.

கடைக்காரன் பினு இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். "இப்ப யாரு சேச்சி இதெல்லாம் வாங்கறது? எல்லாரும் போன்லயல்லே கேக்கறது."

"எங்களுக்கு இதுதான் வேணும். இருந்தா காட்டுங்க" என்றாள் செண்பகவல்லி.

முதலில் ஒன்று எடுத்துவைத்தான். முழுக்கத் திரை, தொட்டால் ஓடுகிறது. நெட் உண்டு, போட்காஸ்டை நேராக இறக்கிக்கொள்ளலாம் என்றான்.

"கேமரா உண்டோ?"

"உண்டு சேட்டா, நல்ல கேமரா."

"அப்ப வேண்டாம். கேட்ல பாத்தா போன்னேதான் சொல்லுவான்."

இரண்டாவது, தீப்பெட்டி அளவு. சட்டையில் மாட்டிக்கொள்ளலாம். செல்வகணேஷுக்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. செண்பகவல்லி அதைக் கையில் வாங்கிப் பாட்டைப் போட்டாள், பாதியில் அணைத்தாள், மறுபடி போட்டாள். முதலிலிருந்து ஆரம்பித்தது.

"இது ஆகாதுங்க. பாட்டுன்னா திரும்பக் கேக்கலாம். முக்கா மணி நேரக் கதைய லாரி வாரப்பல்லாம் நிப்பாட்டி, முதல்ல இருந்தா கேப்பிய?"

பினுவுக்கே அது தோன்றியிருக்கவில்லை. உள்ளே போய்த் தேடி மூன்றாவது ஒன்றை எடுத்துவந்தான். விரல் நீளம், கறுப்பு, பக்கத்தில் பொத்தான்கள். கையுறை போட்டுக்கொண்டே தடவி அமுக்கலாம். அணைத்துவிட்டுப் போட்டால் விட்ட இடத்திலிருந்து பேசியது. சிம் கிடையாது, கேமரா கிடையாது. போட்காஸ்டைப் போனில் இறக்கி மெமரி கார்டில் மாற்றிக்கொள்ள வேண்டும். ஒருமுறை சார்ஜ் போட்டால் முப்பது மணி நேரம் வரும் என்றான்.

"இந்தச் சிவப்புப் பொத்தான் எதுக்கு?" என்று கேட்டாள் செண்பகவல்லி.

"ரெக்கார்டிங் சேச்சி. நீங்க பேசினா அதுல பதியும்."

அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வாங்க வந்தது அவனுக்கு. சந்தோஷம் முழுக்க அவளுக்கு.

அது ஏன் என்று சொல்லிவிடுகிறேன். செல்வகணேஷ் பேசுவது தமிழ், ஆனால் தமிழில் ஒரு எழுத்து வாசிக்கத் தெரியாது. அப்பா சங்கரன்கோவிலிலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கு மூட்டை தூக்க வந்தவர். பிள்ளை பிறந்தது, படித்தது எல்லாம் இங்கே, மலையாளத்தில். பஸ் போர்டு முதல் கல்யாணப் பத்திரிகை வரை மலையாளம் என்றால் கடகடவென்று வாசிப்பான், தமிழ் என்றால் செண்பகவல்லியிடம் நீட்டுவான். கல்யாணமான புதிதில் அவள் வார இதழ் தொடர்கதை வாசித்துக்கொண்டிருந்தபோது "உரக்கச் சொல்லு, நானும் கேக்கறேன்" என்றான். அன்றைக்குத் தொடங்கிய பழக்கம். ஏழு வருஷமாக ஒவ்வொரு வியாழனும் அவள் வாசிக்க அவன் கேட்பான். அந்த ஒரு மணி நேரத்தில் இருவருக்கும் சண்டையே வந்ததில்லை. ஷிப்ட் மாறியதிலிருந்து அது நின்றுபோயிருந்தது.

"நானே வாசிச்சு இதுல ஏத்திக் குடுத்துருதேன்" என்றாள்.

இயர்போன் வேண்டுமே. பினு இன்னொன்றையும் காட்டினான். காதுக்குள்ளேயே போகாத வகை. காதுக்கு முன்னால், கன்னத்து எலும்பில் உட்கார்ந்துகொள்ளும். காது திறந்தே இருக்கும்.

"ரோட்ல ஓடறவங்க, சைக்கிள் ஓட்டறவங்க இதுதான் கேட்டு வாங்குவாங்க. பின்னாடி யாரு கூப்பிட்டாலும் கேக்கும். போட்டுப் பாருங்க சேச்சி."

போட்டுப் பார்த்தாள். பாட்டும் கேட்டது, முதுகுக்குப் பின்னால் நின்று பினு மெல்ல "சேச்சி" என்றதும் கேட்டது. "இதையே வாங்கிருவமுங்க. அண்ணன் விசிலு கேக்கணும்லா" என்றாள்.

செல்வகணேஷ் அதை மாட்டிக்கொண்டு கடைக் கண்ணாடியில் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிடரிக்குப் பின்னால் ஒரு பட்டை வளைந்து போனது.

"ஹெல்மெட்டுக்குக் கீழ தெரியுமே. ஸ்ரீகுமார் சார் பாத்தா தீர்ந்தது."

ஸ்ரீகுமார் யார்டின் பாதுகாப்பு அதிகாரி. கண்ணில் ஒன்று பட்டால் விடுகிற ஆள் இல்லை.

எனவே சாதாரண ஒயர் இயர்போனே வாங்கினார்கள். சட்டைக்குள் விட்டு ஒன்றை மட்டும் மேலே எடுத்துக்கொள்ளலாம். ஒற்றைக் காதுக்கு மட்டும் உள்ளது இருக்கிறதா என்று செண்பகவல்லி கேட்டாள். "அது இல்ல சேச்சி. ரெண்டும் சேந்துதான் வரும். ஒண்ணைத் தொங்க விட்டா போதும்" என்றான் பினு.

காசு ஒரு காரணமே இல்லை. பின்னால் யார் கூப்பிட்டாலும் கேட்கும் என்று சொல்லி ஒருவன் கையில் கொடுத்த சாமானை, வெளியே தெரியும் என்பதற்காகத் திருப்பிக் கொடுத்தார்கள். 

*

பஸ்ஸில் அவளுக்கு லேசாக உறுத்தல்.

"தப்பில்லியா இது?"

"என்ன தப்பு? கேட்ல என்ன போர்டு வெச்சிருக்கு? மொபைல் போன் கூடாது. இது மொபைல் போனோ?"

"இல்லதான்."

"பின்னே? தூங்கி ஒருத்தன் மேல பெட்டியப் போடுறதுதான் தப்பு."

அவன் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது. இருவரும் பொய் சொல்லத் தெரியாதவர்கள். போர்டில் எழுதியிருப்பதை மீறவே மாட்டார்கள். எழுதாமல் விட்டதைப் பற்றி அவர்கள் யோசிக்கவில்லை.

"ஒத்தக் காதுலதான் போடணும். இன்னொரு காது எங்க அண்ணனுக்கு. என் தலையில அடிச்சுச் சொல்லுங்க."

பஸ்ஸில் நாலு பேர் பார்க்க அவன் அவள் தலையில் கையை வைத்தான். "ஒத்தக் காதுதான், போதுமா?"

கமலேஸ்வரத்தில் வீட்டுக்காரம்மாள் லலிதாம்பாளின் வீட்டுக்குப் பின்கட்டில் இவர்கள் குடியிருக்கிறார்கள். வந்ததும் வராததுமாக வார இதழைப் பிரித்துச் சிவப்புப் பொத்தானை அமுக்கி வாசிக்க உட்கார்ந்தாள் செண்பகவல்லி. மாமியாரின் பீரோவில் என்ன இருக்கிறது என்று நாலு வாரமாகப் பதறிக்கொண்டிருக்கும் ஒரு மருமகளின் கதை. எந்தத் தொடர் என்று கேட்காதீர்கள், போட்டிக்காரர்களுக்கு நான் விளம்பரம் செய்வதாக இல்லை.

பாதிக் கதை போனதும் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது. "என்னடீ செண்பகம், ஆம்படையான் குளிக்கப் போயிருக்கான், நீ யாரோட பேசிண்டிருக்கே?"

"ஒண்ணுமில்ல மாமி, புஸ்தகம் வாசிக்கேன்."

"ஊருக்கே கேக்கறது. மத்தியான நியூஸ் போல வாசிக்கறே."

லலிதாம்பாள் கேலியாகத்தான் சொன்னாள். செண்பகவல்லிக்கு வெட்கமாகிவிட்டது. மிச்சப் பக்கங்களைக் குரலை அடக்கி, கிட்டத்தட்டக் குசுகுசுவென்று வாசித்தாள். மருமகள் பீரோவைத் திறக்கும் இடம் வேறு. அந்த இடத்துக்கு அந்தக் குரல் பொருத்தமாக இருப்பதாக அவளுக்கே தோன்றியது.

ஒன்றே காலுக்கு அவன் கிளம்பினான். சாப்பாட்டுப் பையில் அந்தக் கறுப்புச் சாமானைத் துண்டில் சுற்றி வைத்தாள்.

"கதைய முழுக்கக் கேட்டுட்டு வந்து சொல்லுங்க. பீரோவுல என்ன இருந்துச்சுன்னு நானே கேப்பேன்."

"பரீட்சையோ?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

*

கேட்டில் போனை வாங்கிப் பூட்டினார்கள். நோட்டில் கையெழுத்துப் போட்டான். வேறு எதுவும் இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

முதல் லாரி, இரண்டாவது லாரி, மூன்றாவது. ஒற்றைக் காதில் கதை, மற்றக் காதில் யார்டு. தூக்கமே வரவில்லை. வேல்சாமி கீழே நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். இன்றைக்கு மாப்பிள்ளை சுறுசுறுப்பாக இருக்கிறானே என்று அவனுக்கு மகிழ்ச்சி.

வேல்சாமிக்கு அந்த யார்டில் பதினோரு வருஷம். ஆரஞ்சுச் சட்டை, கையில் கொடி, கழுத்தில் விசில். ஒரு நீளம் என்றால் வரலாம். மூன்று குட்டை என்றால் அப்படியே நில், நான் பின்னால் வருகிறேன். ரீச் ஸ்டாக்கரின் பின்பக்கக் கேமரா இரண்டு மாதமாக வேலை செய்யவில்லை. பின்னால் எடுக்கும்போது பக்கத்து ஜன்னல் கண்ணாடியை இறக்கிவைத்து விசிலைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். வண்டிக்குப் பின்பக்கக் கண் வேல்சாமியின் வாய்தான்.

மூன்று நாற்பதுக்குச் செண்பகவல்லியின் குரல் இறங்க ஆரம்பித்தது.

மருமகள் சாவியை எடுத்துவிட்டாள். மாமியார் கோவிலுக்குப் போயிருக்கிறாள். பீரோவின் பூட்டு... அதற்கு மேல் இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்கவில்லை. செல்வகணேஷ் சத்தத்தைக் கூட்டினான். முழுக்கக் கூட்டியும் குசுகுசுப்புதான் கேட்டது. அடுத்த லாரி கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது, இரண்டு நிமிடம் ஆகும். அதுவரைதானே என்று சட்டைக்குள் தொங்கிய இன்னொன்றையும் எடுத்து மறு காதில் செருகினான்.

இப்போது தெளிவாகக் கேட்டது. செண்பகவல்லி பக்கத்தில் உட்கார்ந்து காதோடு சொல்வது போலவே இருந்தது.

லாரி இரண்டு நிமிடத்தில் வரவில்லை, அரை நிமிடத்தில் வந்துவிட்டது. வேல்சாமி ஒரு நீளம் ஊதிக் கொடியைக் காட்டினான். கொடியைப் பார்த்துத்தான் செல்வகணேஷ் வண்டியை எடுத்தான், காதிலிருந்து எதையும் எடுக்கவில்லை. பெட்டியைத் தூக்கினான். பின்னால் எடுக்கக் கியரை மாற்றினான். அப்போதுதான் பின்சக்கரத்துக்கு அருகே ஒரு மரக்கட்டை கிடந்ததை வேல்சாமி பார்த்தான். சக்கரம் அதில் ஏறினால் தூக்கிய பெட்டி சாயும். மூன்று குட்டை ஊதினான். வண்டி நின்ற மாதிரித்தான் இருந்தது. பதினோரு வருஷமாக மூன்று ஊதினால் வண்டி நிற்கும். கட்டையை எடுக்க அவன் குனிந்து போனான்.

செல்வகணேஷ் வண்டியைப் பின்னால் எடுத்தான்.

லாரி டிரைவர் இறங்கி ஓடிவந்து கேபின் கதவில் அடித்த பிறகுதான் அவனுக்கு விஷயம் தெரிந்தது. காதில் இருந்ததைப் பிடுங்கிச் சீட்டுக்கு அடியில் எறிந்துவிட்டுக் கீழே குதித்தான். அதில் கதை இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

*

செண்பகவல்லி ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது மணி ஐந்து. போனில் சொன்னவர்கள் 'காலில் அடி' என்றுதான் சொன்னார்கள். வந்து பார்த்தால் வேல்சாமியின் இடது பாதம் நசுங்கியிருந்தது. மறுநாள் காலை எட்டு மணிக்கு ஆபரேஷன், வெட்டுவது கணுக்காலுக்குக் கீழேயே நிற்குமா என்பதை அப்போதுதான் சொல்ல முடியும் என்றார் டாக்டர். ஊரில் இருக்கும் வேல்சாமியின் மனைவி சுடலைமாடத்தி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

வராந்தாவில் செல்வகணேஷ் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். யார்டில் போடும் ஆரஞ்சுச் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. முன்னால் ஸ்ரீகுமார் நின்று ஒரு தாளில் எழுதிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி இறக்கியிருந்ததோ?"

"இறக்கியிருந்தது சார்."

"விசில் கேட்டதோ?"

"கேக்கல்ல சார்."

ஸ்ரீகுமார் பேனாவை நிறுத்தினார். "கேக்கலையோ, ஊதலையோ? ரெண்டும் வேற வேறல்லே."

செல்வகணேஷ் நிமிர்ந்து பார்த்தான். வராந்தாவின் கோடியில் செண்பகவல்லி நிற்பது தெரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

"ஊதல்ல சார்."

ஸ்ரீகுமார் எழுதிக்கொண்டு உள்ளே போனார். செண்பகவல்லி வந்து அவன் எதிரே நின்றாள். அழுகைகூட வரவில்லை அவளுக்கு.

"எங்க அது?"

"கேபின்ல. சீட்டுக்கு அடியில. வண்டியப் பூட்டி சாவிய சார் எடுத்துட்டாரு. நாளைக்குப் பத்து மணிக்கு பாக்டரி இன்ஸ்பெக்டர் வந்துதான் திறப்பாங்க."

"ரெண்டு காதுலயும் போட்டியளா?"



"உன் சத்தம் கேக்கல்ல, செண்பகம்."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். லலிதாம்பாளுக்குக் கேட்கக்கூடாது என்று அவள் அடக்கிய குரல்தான் இவ்வளவும் செய்திருக்கிறது என்பது அவளுக்கு உடனே புரியவில்லை. புரிந்தபோது இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மச்சான்கிட்ட சொல்லாத" என்றான் அவன். "வேலை போனா போகட்டும், சாரமில்ல. இது போலீஸ் கேஸ் ஆகும். என்னை உள்ள வெச்சுருவாங்க. நான் வேணும்னு செய்யல்லன்னு உனக்குத் தெரியும்ல?"

தெரியும். அதனால்தான் அவளால் அவனைத் திட்டவும் முடியவில்லை.

*

உள்ளே வேல்சாமி விழித்துத்தான் இருந்தான். வலிக்கு ஊசி போட்டிருந்ததில் முகம் வெளுத்து, பேச்சு மட்டும் மெதுவாக வந்தது. கால்மாட்டில் போர்வையைக் கூடாரம் போலத் தூக்கி வைத்திருந்தார்கள். செண்பகவல்லி அந்தப் பக்கம் பார்க்காமல் தலைமாட்டில் போய் நின்றாள்.

"மூணு தடவ ஊதுனேன் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"வேல்சாமி, கேளு" என்றார் ஸ்ரீகுமார். கெட்ட மனிதர் இல்லை அவர். குரலில் இரக்கம் இருந்தது. "ரெஜிஸ்டர் பாத்தேன். அவன் போன் கேட்ல பூட்டியிருக்கு. அப்ப அவன் போன் பேசல. தூங்கவும் இல்ல, அதே நிமிஷம் பெட்டி தூக்கியிருக்கான். கண்ணாடி திறந்திருக்கு. லாரிக்காரன் தன் கண்ணாடிய ஏத்தி வெச்சிருந்தான், விசிலப் பத்தி அவனுக்கு ஒண்ணும் தெரியல. நீ பத்தடியில நிக்கற. ஊதியிருந்தா கேக்காம இருக்க வழியே இல்ல."

வேல்சாமியின் கை கழுத்தில் விசிலைத் தேடியது.

"ஊதலன்னு சொல்றது யாரு? உன் சொந்த மாப்ள. உனக்கு எதிராச் சொல்ல அவனுக்கு என்ன காரியம்?"

"மாப்ளயா சொன்னாரு?"

"அவன்தான். எழுதி வெச்சிருக்கேன். மறந்துபோச்சுன்னு நீ ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டா விஷயம் இதோட நிக்கும். நான் ஆபீஸ்ல சொல்லி ஆவறதைப் பண்ணறேன். ஊதினேன்னு பிடிவாதம் பிடிச்சா, சொந்தக்காரன் மேல பழி போட்டதா ஆகும். யோசிச்சு வை. ஒரு சாயா குடிச்சிட்டு வரேன்."

தாளையும் பேனாவையும் கட்டிலில் வைத்துவிட்டுப் போனார்.

எவ்வளவு ஒழுங்காகப் பொருந்திவிட்டது பாருங்கள். போன் இல்லாத சாமானாகத் தேடித் தேடி வாங்கினார்கள். இப்போது போன் இல்லை என்பதே வேல்சாமியைப் பொய்யனாக்குகிறது.

 வேல்சாமி மேலே சுற்றும் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"செம்பா."

"சொல்லுங்க அண்ணே."

"பதினோரு வருசம். ஒருத்தனுக்கு நகம் பேந்தது கெடையாது, என் விசிலுல." கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினான். "ஊதுனேன்னுதான் நெனைக்கேன். ஆனா இப்பம் சந்தேகமா இருக்குட்டி. தெனமும் நூறு தடவ ஊதுத வாயி. நேத்து ஊதுனதா, இன்னைக்கு ஊதுனதான்னு யாரு கண்டா."

"அண்ணே..."

"மாப்ள எதுக்குப் பொய் சொல்லப்போறாரு? எனக்கு எதிரா ஒரு வார்த்த சொல்லுத ஆளா அவரு? ஊதலன்னு அவரு சொன்னா நான் ஊதியிருக்க மாட்டேன். பாவம், என்னால அவருக்குத்தான் எம்புட்டு கஷ்டம். வண்டிக்கு அடியில நம்மாளு கெடந்தா அந்த மனுசனுக்கு எப்பிடி இருந்திருக்கும்." கையை நீட்டினான். "அந்தப் பேனாவ எடு. போட்டுத் தொலைச்சுருதேன்."

செண்பகவல்லி பேனாவை எடுத்தாள். எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கொடுத்துவிட்டால் எல்லாம் முடிந்தது. புருஷன் வீட்டுக்கு வந்துவிடுவான். நாளை பத்து மணிக்கு அந்தக் கேபினில் என்ன கிடைத்தாலும், கையெழுத்துப் போட்ட தாள் இருக்கிறது. கொடுக்காவிட்டால் அவனைக் கொண்டுபோய்விடுவார்கள். ஏழு வருஷம் அவளிடம் கதை கேட்டவன். ஒரு நாள் கைநீட்டி அடித்ததில்லை. அவன் வேண்டும் அவளுக்கு. அது பொய்யில்லை.

ஆனால் காலோடு சேர்த்து, தன் வாயின்மேல் இருந்த நம்பிக்கையையும் இழந்து படுத்திருப்பவன் அண்ணன்.

"கொடு" என்றான் வேல்சாமி.

"நீங்க ஊதுனீய அண்ணே."

"நீ பாத்தியா?"

"பாக்கல."

"பின்ன எப்பிடிச் சொல்லுத? பத்தடியில இருந்த அவருக்கே கேக்கல."

"அவருக்குக் கேக்கலதான்."   இந்த முறை குரலை அடக்கக்கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, வராந்தாவரை கேட்கும்படிச் சொன்னாள். "நீங்க ஊதும்போது அவரு ரெண்டு காதுலயும் நான்தான் பேசிக்கிட்டு இருந்தேன் அண்ணே."

பேனாவுக்காக நீண்ட வேல்சாமியின் கை அப்படியே நின்றது. வாசலில் இரண்டு பேர் வந்து நின்றிருந்தார்கள். முன்னால் ஸ்ரீகுமார், அவருக்குப் பின்னால் செல்வகணேஷ்.